பதில்: ஓட்டுக்குள் வௌவால், கிணற்றில் பாதரசமா?

தம்பி, கல்லடி வீட்டு ஓட்டுக்குள் வௌவால் அடைகிறது, அதன் உடம்பில் பாதரசம் இருக்குமாம், புழுக்கை கிணற்றில் விழுகிறதே என்று பயந்து கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்தப் புழுக்கையைக் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுங்கினால் அது பூச்சி தின்னும் சின்ன வௌவால். பாதரசக் கதை பெரும்பாலும் இந்த இனத்தோடுதான். காற்றில்லாச் சேற்றில் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக, அதாவது உயிர்களின் உடம்பில் எளிதில் சேரும் நச்சு வடிவமாக, மாற்றும். சேற்றில் வளரும் பூச்சிக்குள் அது ஏறும், பூச்சியைத் தின்னும் வௌவாலின் உரோமத்தில் சேரும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1929 முதல் 1950 வரை ஓர் ஆலை ஆற்றில் விட்ட பாதரசம், பல பத்தாண்டுகள் கழித்தும் அங்குள்ள வௌவால்களின் உரோமத்தில் அதிகமாக இருந்தது. பாவம், பாதிப்பு அதுகளுக்குத்தான். மாமரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவாலில் இது குறைவு.

உங்கள் கிணற்றுக்கு உண்மையான ஆபத்து கிருமி. இன்றைக்கே வலை போட்டு மூடுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காய்ந்த எச்சத்தைக் கூட்டாதீர்கள், தூசியில் பூஞ்சை இருக்கலாம். நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடவே வேண்டாம். கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், பாதரசத்துக்காகக் குறைக்க வேண்டியது, அது அதிகம் சேர்ந்திருக்கும் சுறாக் கறியை. வௌவாலை விரட்ட மருந்து மட்டும் அடிக்காதீர்கள், தம்பி.