ரஷ்யா இவ்வளவு பெரிய நாடானது எப்படி?

ஏறத்தாழ 1.71 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பும் 11 நேர மண்டலங்களும் கொண்ட ரஷ்யா கிழக்கே அவ்வளவு தூரம் பரவியதற்குப் படைபலத்தைவிட ஆறுகளும் விலங்குத் தோலுமே முக்கியக் காரணங்கள் என்பது என் கருத்து. 1582-இல் யெர்மாக் தலைமையிலான கொசாக்குகள் (எல்லைப்புறப் போர்வீரர்கள்) யூரல் மலைக்கு அப்பால் சிபிர் நாட்டை ஆண்ட கான்களின் தலைநகரைப் பிடித்தனர். 1639-இலேயே இவான் மொஸ்க்விதின் என்ற கொசாக்கின் குழுவினர் பசிபிக்கின் ஒரு பகுதியான ஓகோத்ஸ்க் கடலைக் கண்டுவிட்டனர்.

இந்த வேகம் எப்படிக் கைகூடியது? ஓப், யெனிசெய், லேனா ஆகிய பேராறுகள் வடக்கே ஆர்க்டிக்கை நோக்கி ஓடினாலும், அவற்றின் கிளையாறுகள் பல கிழக்கு மேற்காகக் கிடப்பதால், ஓர் ஆற்றின் கிளை முடியும் இடத்தில் படகைக் கரையேற்றி, காட்டுவழியே இழுத்துச் சென்று, அடுத்த ஆற்றின் கிளையில் இறக்கிவிடலாம். வழியெங்கும் மரக்கோட்டைகள் எழுந்தன. பழங்குடிகளிடம் ‘யாசக்’ என்ற வரி, விலையுயர்ந்த மென்மயிர் கொண்ட சேபிள் என்ற சிறு விலங்கின் தோலாகப் பெறப்பட்டது. தர மறுத்தோரின் உறவினர் பிணைக்கைதிகளாக வைக்கப்பட்டனர். (தமிழில் ‘யாசகம்’ இரப்பது; இதுவோ பறிப்பது.) ஓரிடத்தில் சேபிள் அருகியதும் வேட்டைக்காரர்கள் மேலும் கிழக்கே நகர்ந்தனர்.

நிலம் சேர்ந்த வேகத்தில் மக்கள் சேரவில்லை. 1891-இல் தொடங்கி 1916-இல் முழுமையடைந்த சைபீரிய ரயில்பாதை குடியேற்றத்தைப் பெருக்கிய பிறகும், இன்றுவரை நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் யூரலுக்கு மேற்கேயுள்ள ஐரோப்பியப் பகுதியிலேயே வாழ்கின்றனர்.