அக்கம்பக்கம் இல்லாம போனா மனசுக்கு என்ன ஆகும்? எங்க அம்மாவுக்கு ஆனதைச் சொல்றேன்

கேட்டிருக்கற கேள்வி இது: "நாலு பேர் கூட பழக்கத்துல இருக்கறதுக்கும் மனநலத்துக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா சொல்றதா?"

இருக்குங்க. நான் டாக்டர் இல்ல, ஒரு லேப்ல பில்லிங் கவுண்டர்ல வேலை பாக்கறேன். ஆனா எங்க அம்மா ரெண்டு வருஷம் பட்ட பாட்டை பக்கத்துலயே இருந்து பார்த்தேன், அதை வச்சு சொல்றேன்.

நாங்க சிந்தாதிரிப்பேட்டைல கூவம் கரையோரம் இருந்தவங்க. பத்துக்குப் பத்து வீடு, சந்துல எதிர்ல ஆள் வந்தா ஒருத்தர் ஒதுங்கணும், கொசு, நாத்தம், மழைக்காலத்துல பயம், எல்லாம் இருந்துச்சு. ஆனா பகல்ல எங்க வீட்டுக் கதவு மூடி நான் பார்த்ததே இல்ல. தண்ணி லாரி வர்றப்ப அம்மா வேலைக்குப் போயிருந்தாலும் எங்க குடத்தை யாராவது வரிசைல நகர்த்தி வச்சு புடிச்சு வச்சிருப்பாங்க, நான் ஸ்கூல் விட்டு வந்தா எதிர்வீட்டு ஆயா வீட்டுல சோறு இருக்கும், சீட்டுக்குப் பணம் குறைஞ்சா பக்கத்து வீட்டு அக்கா போட்டுட்டு அப்புறமா வாங்கிக்கும். சண்டையும் வரும், குழாயடில ஆரம்பிச்சு சந்தே ரெண்டா நிக்கும், சாயங்காலம் பார்த்தா அதே ரெண்டு பேர் வாசல்ல உக்காந்து ஒருத்தர் தலைல ஒருத்தர் பேன் பாத்துட்டு இருப்பாங்க.

2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாத்துனாங்க. அடுக்குமாடி, எங்களுக்கு ஆறாவது மாடி. வீட்டுக்குள்ளயே பாத்ரூம், அதுக்கு நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வீடு குலுக்கல்ல வந்ததால ஒரே சந்துல முப்பது வருஷம் இருந்தவங்க எல்லாம் ப்ளாக் ப்ளாக்கா சிதறிட்டாங்க. பக்கத்து வீட்டுல யாருன்னே தெரியாது, அவங்களும் எங்கயோ இருந்து பிடுங்கி நட்டவங்கதானே, அவங்களுக்கும் எங்களைப் பார்த்தா பயம், கதவைச் சாத்திக்கிட்டாங்க, நாங்களும் சாத்திக்கிட்டோம்.

அம்மா எழும்பூர் பக்கம் நாலு வீட்டுல வேலை பார்த்துச்சு. அங்க இருந்து நடந்தே போயிட்டு வரும், இங்க இருந்து 25 கிலோமீட்டர், ரெண்டு பஸ் மாறணும், ஏழு மணிக்கு எப்படி போய் நிக்கறது? ஒவ்வொரு வீடா வேலை போச்சு. நான் காலைல கிளம்பி ராத்திரி வருவேன், தம்பி காலேஜ். பகல் முழுக்க அந்த மூடின கதவுக்குப் பின்னால அம்மா மட்டும்.

மனசு சரியில்லைன்னு அம்மா ஒரு நாளும் சொல்லலை. இதை நல்லா கவனிங்க, நம்ம ஊர்ல பாதிப் பேர் சொல்ல மாட்டாங்க. தலை பாரமா இருக்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை கால் அசதி, தூக்கம் வரலை, இப்படித்தான் சொல்லுச்சு. ஈசிஜி எடுத்தோம், தைராய்டு பார்த்தோம், எங்க லேப்லயே எல்லா டெஸ்ட்டும் போட்டேன், எல்லாம் நார்மல். சொந்தக்காரங்க யாரோ காத்து கருப்புன்னு சொல்லி தாயத்து கட்டி விட்டாங்க. ஒரு நாள் ராத்திரி தட்டுல சோத்தை வச்சுக்கிட்டு "நான் இருந்து என்னாடி ஆவப் போவுது"ன்னு சொல்லுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு உரைச்சது. மறுநாளே லீவு போட்டுட்டு மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க நிறைய கேக்கலை, "பகல்ல யார் கூடம்மா பேசுவீங்க?"ன்னு கேட்டாங்க. அம்மா பதில் சொல்லாம அழுதுச்சு, நிறுத்தவே இல்ல.

மாத்திரை குடுத்தாங்க. அது வேலை செஞ்சுது, தூக்கம் வந்துச்சு, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். "மாத்திரை எல்லாம் வேணாம், நாலு பேர்கிட்ட பேசினா போதும்"னு சொல்றவங்க பேச்சை தயவுசெஞ்சு கேக்காதீங்க. ஆனா தூங்கி எந்திரிச்ச அப்புறமும் அந்த பகல் அப்படியேதானே இருந்துச்சு.

அதை மாத்துனது எங்க பழைய எதிர்வீட்டு ஆயாதான். அதுக்கு எழுபது வயசுக்கு மேல, எங்க ப்ளாக்ல இருந்து ரொம்ப தள்ளி வேற ப்ளாக்ல இருந்துச்சு, நாங்க பார்த்தே பல மாசம் ஆயிருந்தது. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டு விசாரிச்சு விசாரிச்சு வந்துடுச்சு. லிஃப்ட் வேலை செய்யலை. ஆறு மாடி ஏற முடியாம கீழ நின்னுக்கிட்டு அம்மா பேரைச் சொல்லி கத்துச்சு, அந்த ப்ளாக்கே எட்டிப் பார்த்துச்சு. மாசக்கணக்கா வாசப்படி தாண்டாத அம்மா, ஆயா ஏற முடியாதேன்னு இறங்கிப் போச்சு. மறுநாளும் நாலு மணிக்கு கத்தல். அதுக்கு மறுநாளும். ஆயா அறிவுரை எதுவும் சொல்லலை, "சாப்டியாடி, என்னா கொழம்பு"ன்னு கேக்கும், வெத்தலை போடும், பழைய கதை பேசும், அவ்வளவுதான். ஒரு நாள் அம்மா இறங்கலைன்னா "ஏன்டி வரலை"ன்னு கேக்க உலகத்துல ஒரு ஆள் இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சு அதுதான் மருந்து.

அப்புறம் இதைப் பத்தி படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. ஜிம்பாப்வேல ஹராரே நகரத்துல டிக்சன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர், 2006ல 14 பாட்டிங்களுக்குப் பயிற்சி குடுத்து, க்ளினிக் வெளிய ஒரு பெஞ்ச்ல உக்கார வச்சு வர்றவங்ககிட்ட பேச வச்சாரு. அங்க ஷோனா பாஷைல இந்த நோயை "குஃபுங்கிசிசா"ன்னு சொல்வாங்களாம், அளவுக்கு மீறி யோசிக்கறதுன்னு அர்த்தம். எங்க அம்மாவும் "யோசனை ஜாஸ்தியா வருதுடி"ன்னுதான் சொல்லும்!

இன்னொன்னு நம்ம சென்னைலயே நடந்தது. தற்கொலைக்கு முயற்சி பண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைச்சவங்க 1867 பேரை வச்சு உலக சுகாதார நிறுவனம் 5 நாட்டுல ஒரு ஆய்வு பண்ணி 2008ல வெளியிட்டாங்க, சென்னையும் கொழும்பும் அதுல உண்டு. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பாதிக்கு கூடவே ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டு, அப்புறம் 18 மாசத்துல 9 தடவை போன் பண்ணியோ நேர்ல போயோ எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சாங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்சவங்கள்ல 2.2 சதவீதம் பேர் பின்னாடி தற்கொலைல இறந்துட்டாங்க, விசாரிச்ச பக்கம் 0.2 சதவீதம். ஒம்பது தடவை விசாரிச்சதுக்கு இவ்வளவு வித்தியாசம், எனக்குப் படிச்சப்ப கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்காக கூட்டமா இருந்தாலே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. எங்க பழைய சந்துலயே புருஷன்கிட்ட அடி வாங்கின பொண்ணுங்களுக்கு "பொறுத்துப் போ"ன்னு சொன்னதும் இதே ஜனங்கதான், அந்தப் பொண்ணுங்களுக்கு அக்கம்பக்கமே பாரமா இருந்திருக்கும். மனசு சரியில்லைன்னு தெரிஞ்சதும் பைத்தியம்னு பேர் வச்சவங்களும் உண்டு. எத்தனை பேர் சுத்தி இருக்காங்கன்னு எண்ணாதீங்க, நீங்க ரெண்டு நாள் காணோம்னா யார் தேடுவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அப்படி யாரும் தோணலைன்னா, இல்ல செத்துடலாம்னு எண்ணம் வருதுன்னா, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட இலவச லைன், தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும்.

அடுத்த வருஷம் ஆடி மாசம் அம்மாவும் ஆயாவும் ப்ளாக் ப்ளாக்கா ஏறி இறங்கி பழைய சந்து ஜனங்களைத் தேடிப் புடிச்சு கூழ் ஊத்துனாங்க. எங்க மாடில புதுசா பழகினவங்களும் சொம்பு எடுத்துட்டு வந்தாங்க. அம்மாவுக்கு டாக்டர் மெதுவா மாத்திரையைக் குறைச்சு நிறுத்திட்டாங்க, இப்ப கீழ சின்னதா இட்லி போடுது. ஆயாவுக்கு மூட்டு வலி, நடக்க முடியலை, அதனால நாலு மணி ஆனா அம்மாதான் அங்க போவும். நேத்து அந்த ப்ளாக்லயும் லிஃப்ட் ரிப்பேராம், நாலு மாடி ஏறிப் போயிட்டு வந்துச்சு.