எட்டிப் பார்க்கும் மகளுக்கு என்ன படிப்பு?

"யார் கைபேசியைத் தொட்டாலும் எட்டிப் பார்க்கிறாள், தாத்தா எந்த இடத்தில் தடுமாறினார் என்று சொல்கிறாள். நிரல் எழுத மட்டும் பிடிக்கவில்லை என்கிறாள்" என்று எழுதிவிட்டு, கணினிப் பொறியியலில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், அதைப் படித்த பெரியப்பா மகன் நன்றாக இருக்கிறான். ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அந்தக் காரணம் என்னை விடவில்லை.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965இல் வெளியிட்ட ஆய்வில், பொம்மையை அடித்தவர் தண்டனை பெறும் படத்தைப் பார்த்த குழந்தைகள் தாங்கள் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். செய்து காட்டினால் பரிசு என்றதும், தண்டனை இல்லாத படத்தைப் பார்த்த மற்றக் குழந்தைகளுக்கு ஈடாகச் செய்து காட்டினார்கள். கற்பது வேறு, செய்யத் தூண்டுவது வேறு. உங்கள் உறவினர்கள் கண்டது பரிசை மட்டுமே. அந்தப் பையன் திரையின் முன் என்ன செய்கிறான் என்று யாராவது பார்த்தார்களா?

உங்கள் மகள் பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு ஒரு தொழில் இருக்கிறது: பயனர் ஆய்வு. ஒருவரைச் செயலியின் முன் அமர்த்தி, "டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்" என்பது போல ஒரு வேலை கொடுப்பார்கள். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். விரல் எங்கே தயங்கியது, எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார், எப்போது அலுத்துப்போய் விட்டுவிட்டார் என்று குறித்துக்கொள்வார்கள். உதவிக்குப் போகாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம் (எனக்கு வரவே வராது). ஐந்து பேரைக் கவனித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இந்தத் துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. உளவியல், சமூகவியல், மானிடவியல், வடிவமைப்பு என்று எந்த வழியாகவும் இதற்குள் வரலாம்.

ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு வித்தையைக் காணொளியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை ஏறியதே தவிர, கைத்திறன் ஏறவில்லை என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அவள் செய்து பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: அவளுக்கு நாட்டமில்லாத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்புக்கும் வாங்காதீர்கள். இந்த விடுமுறையில் ஒரு செயலி, ஐந்து பேர், ஒரு குறிப்பேடு போதும். சலிக்காமல் ஐந்தாவது ஆள் வரை வந்துவிட்டால் குறிப்பேட்டுடன் என்னிடம் அனுப்புங்கள். முதல் ஆளாகப் பெரியப்பா உட்காரட்டும்.