கேள்வி – பதில்: ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் அரைப் பாண்ட் (0.5 புள்ளி) குறைந்தால் ரீகரெக்‌ஷன் (மீள்திருத்தம்) போடலாமா?

கேள்வி: ஐ.ஈ.எல்.டி.எஸ். அகடமிக் பரீட்சையைக் கொழும்பில் கணினியில் எழுதினேன். லிஸ்னிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6. இங்கிலாந்தில் தாதியாகப் பதிய ரைட்டிங்குக்கு 6.5 வேண்டும். பெறுபேறு வந்த நாளிலிருந்து ஆறு வாரம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். ரீகரெக்‌ஷன் போடட்டுமா?
— தாதி உத்தியோகத்தர், உப்புவெளி

பதில்: முதலில் திகதியைச் சரிபாருங்கள், சகோதரி. ஆறு வாரக் கணக்கு பரீட்சை எழுதிய நாளில் தொடங்குகிறது, பெறுபேறு வந்த நாளில் அல்ல. பெறுபேற்றுப் பத்திரத்தில் உள்ள பரீட்சைத் திகதியிலிருந்து 42 நாளை எண்ணிக் கலண்டரில் குறித்துவையுங்கள். கணினியில் எழுதியவர்களுக்குச் சில நாளிலேயே பெறுபேறு வந்துவிடும். ஏஜென்ட் பேச்சை நம்பி இருந்துவிட்டால் மையம் விண்ணப்பத்தை ஏற்காது.

உங்கள் நிலையில் போடலாம் என்பதே எங்கள் கருத்து. ரைட்டிங்கை மனிதர்தான் திருத்துகிறார். கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறீர்களா, கருத்தோட்டம், சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோலுக்கும் சம எடை. ரைட்டிங்கின் இரு கேள்விகளில் இரண்டாவதற்கு முதலாவதைப்போல இரு மடங்கு பெறுமதி. இப்படி எடைபோடும் இடத்தில் இரண்டு பரீட்சகர்கள் அரைப் பாண்ட் வேறுபடுவது நடக்கக்கூடியதே. மீள்திருத்தம் செய்யும் மூத்த பரீட்சகருக்கு உங்கள் பழைய புள்ளி தெரியாது.

ஆனால் பணம் கட்டுமுன் பரீட்சை அறையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முதலாவது விடை 150 சொல்லையும் இரண்டாவது விடை 250 சொல்லையும் தாண்டியதா? இரு தரப்பையும் அலசி உங்கள் கருத்தையும் சொல்லுமாறு கேட்டிருக்க, ஒரு தரப்பை மட்டும் எழுதினீர்களா? கடைசிப் பந்தி பாதியில் நின்றதா? அப்படியானால் புதிதாகத் திருத்துபவரும் அதே ஓட்டையைத்தான் காண்பார், கட்டணம் வீண். நேரத்துக்குள் முடித்து, கேட்டதற்கு முழுதாகப் பதில் எழுதியும் 6 வந்திருந்தால் துணிந்து போடுங்கள்.

இதற்காகத் திருகோணமலையிலிருந்து இரவு ரயில் ஏறத் தேவையில்லை. பரீட்சை எழுதிய அதே மையத்துக்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். படிவத்தின் பெயர் ‘என்குவயரி ஆன் ரிசல்ட்ஸ்’. பரீட்சைத் திகதி, பரீட்சார்த்தி இலக்கம், மைய இலக்கம் மூன்றையும் பெறுபேற்றுப் பத்திரத்தில் உள்ளபடியே நிரப்புங்கள். எந்தப் பகுதி என்ற இடத்தில் ரைட்டிங்கை மட்டும் தெரிவுசெய்தால் போதும். ஆனால் அதற்குள் ஒரு கேள்வியை மட்டும் திருத்தக் கேட்க முடியாது. முடிவு வர 2 முதல் 21 நாள் ஆகலாம். புள்ளி கூடினால் புதிய பெறுபேற்றுப் பத்திரம் வரும், கட்டணமும் முழுதாகத் திரும்பும். ஒரு பரீட்சைக்கு ஒரே தடவைதான். விடைத்தாளும் திருப்பித் தரப்படாது, குறிப்பும் வராது.

ஏஜென்ட்மார் அதிகம் சொல்லாத இன்னொரு வழியும் உண்டு. பிரித்தானியத் தாதியர் பதிவுச் சபை ரீடிங், லிஸ்னிங், ஸ்பீக்கிங்கில் 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு பரீட்சைகளைச் சேர்த்துக் காட்டவும் அது அனுமதிக்கிறது. இரண்டிலும் ரைட்டிங் 6க்கும் மற்றவை 6.5க்கும் கீழே போகக் கூடாது. உங்கள் பெறுபேறு இதற்குள் அடங்குகிறது. ஆகவே மீள்திருத்தம் கைகொடுக்காவிட்டாலும் இந்தப் பத்திரம் வீணாகாது. அடுத்த தடவை ரைட்டிங்கில் 6.5 எடுத்து, மற்றவற்றில் 6.5க்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: லிஸ்னிங் 7, ரீடிங் 6.5, ரைட்டிங் 6, ஸ்பீக்கிங் 7. மொத்தம் 6.5 என்று வந்திருக்கிறது. பல்கலைக்கழகம் மொத்தம் 7 கேட்கிறது. மீள்திருத்தத்தால் பயன் உண்டா?
— மாணவர், கிண்ணியா

பதில்: உண்டு, தம்பி. நான்கையும் கூட்டினால் 26.5. நாலால் வகுத்தால் 6.625, அது 6.5 ஆகக் கீழே போயிருக்கிறது. எங்காவது அரைப் பாண்ட் கூடினால் கூட்டுத்தொகை 27, சராசரி 6.75. முக்கால் வந்தால் மேலே ஏற்றுவது விதி, மொத்தம் 7 ஆகிவிடும். ரைட்டிங்கைக் கொடுங்கள். உங்கள் ஸ்பீக்கிங் 6.5 ஆக இருந்திருந்தால் கூட்டுத்தொகை 26. அரை கூடினாலும் மொத்தம் 6.5இலேயே நின்றிருக்கும், போட வேண்டாம் என்றிருப்போம். பல்கலைக்கழகம் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சம் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கணினியில் எழுதியிருந்தால் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதும் ‘வன் ஸ்கில் ரீடேக்’ பற்றியும் மையத்தில் விசாரியுங்கள். அதற்குப் பரீட்சை நாளிலிருந்து 60 நாள்தான். எல்லா நாடும் எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை. மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொண்டே பணம் கட்டுங்கள். மீள்திருத்தத்தை 40ஆவது நாளில் போட்டால், முடிவு வரும்போது இந்த 60 நாளும் முடிந்திருக்கலாம். பெறுபேறு வந்த வாரமே போடுங்கள்.

கேள்வி: பயிற்சியில் லிஸ்னிங் 7 எடுப்பேன். பரீட்சையில் 5.5. பிழையாகத் திருத்தியிருப்பார்களோ?
— வாசகி, மூதூர்

பதில்: இதற்குப் பணம் கட்ட வேண்டாம். லிஸ்னிங்கில் 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, விடை சரி அல்லது பிழை. ஏறத்தாழ 23 சரியென்றால் 6, 30 சரியென்றால் 7. அந்த 23ஐயும் நீங்கள் எட்டவில்லை. 7க்குப் போக எட்டு விடையாவது தவறாகத் திருத்தப்பட்டிருக்க வேண்டும், அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பயிற்சியில் நீங்களே திருத்தும்போது விட்டுக்கொடுக்கும் சின்னப் பிழைகளுக்குப் பரீட்சையில் புள்ளி இல்லை: எழுத்துப்பிழை, பன்மையின் கடைசி எஸ், இரண்டு சொல் கேட்ட இடத்தில் மூன்று சொல். பழைய பயிற்சித் தாள்களை எடுத்து, வேறொருவரிடம் கொடுத்து இந்தக் கண்டிப்போடு திருத்தச் சொல்லுங்கள்.