கடல்மீன் தொட்டியைப் பெரிசாக்கும்போது: கேள்வி பதில்

மூன்றடித் தொட்டியைக் காலி செய்து நாலடிக்கு இப்போதுதான் மாறினேன். எனக்கு இது ஐந்தாவது மாற்றம். இரண்டாவது தடவை ஒரே ராத்திரியில் ஆறு மீன் போனது. அந்தக் கதையும் கீழே வரும். வந்த கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே போடுகிறேன்.

மடிப்பாக்கத்திலிருந்து: அண்ணா, என்னோடது 3×1.5×1.5 அடி. 4×2×2 வாங்கிட்டேன். பழைய தண்ணி முழுசையும் ஊத்திட்டா சைக்கிள் ஆன மாதிரிதான்னு கடையில சொல்றாங்க. சரியா?

இல்லை தம்பி. சைக்கிள் என்பது மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைப்பது. அந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பது ரொம்பக் கொஞ்சம். தொட்டிக்குள் அடுக்கிய பாறை மேலும், சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) கிடக்கும் செராமிக் வளையங்களிலும்தான் ஒட்டி வாழ்கிறது. அந்தப் பாறை காயாமல், குழாய்த் தண்ணீர் படாமல் புதுத் தொட்டிக்குப் போய்விட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அதே பாறை, அதே மீன் என்றால் கழிவின் அளவும் அதேதான். சைக்கிளை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தொட்டி பெரிசாச்சே என்று அதே வாரம் நாலு மீன் வாங்கிப் போட்டால்தான் வம்பு. ஒரு மாதம் கடைப்பக்கமே போகாதீர்கள்.

பழைய தண்ணீரும் வேண்டும். மீனுக்குப் பழகிய தண்ணீர் என்பது ஒன்று, உப்புச் செலவு குறையும் என்பது இன்னொன்று. உங்கள் புதுத் தொட்டி 16 கன அடி, ஏறக்குறைய 450 லிட்டர். பாறையும் மேலே விடும் இடைவெளியும் போக 400 நிற்கும். பழையதில் அடியில் இருக்கும் கலங்கலை விட்டுவிட்டால் 120 லிட்டர் தேறும். மீதி 280. நான் 300 கலக்கி வைப்பேன். லிட்டருக்குச் சுமார் 36 கிராம் வீதம் கிட்டத்தட்ட 11 கிலோ உப்பு (சமையல் உப்பல்ல, கடல்மீன் தொட்டிக்கென்று விற்பது). அதை முந்தின நாளே கலந்து, பம்ப் போட்டு 24 மணி நேரம் ஓடவிடுங்கள். கலந்த உடனே ஊற்றினால் உப்புத் தண்ணீர் மீனின் செவுளை எரிக்கும்.

திருச்சியிலிருந்து: பழைய மணலையும் அப்படியே மாத்தலாமா சார்? ரெண்டு வருஷ மணல், நல்லா செட் ஆகிடுச்சு.

என் ஆறு மீன் போனது இதனால்தான். "செட் ஆன மணல்" என்று நானும் வாளி வாளியாக அள்ளிப் போட்டேன். மேலே பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. கிளறியதும் அடியிலிருந்து கறுப்பு வந்தது, அழுகின முட்டை வாடை. ஜன்னலைத் திறந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன், புத்திசாலி! காலையில் எல்லாம் தரையோடு கிடந்தன.

நடந்தது இதுதான். இரண்டு வருஷத் தீனியும் கழிவும் மணலுக்கடியில் அடைந்து கிடக்கும். காற்றுப் போகாத அந்த அடுக்கில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். மணலில் வாழும் புழுக்களும் கிளறலில் செத்து அம்மோனியாவைக் கூட்டும். கடல் தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மை அளவு, 8.2 பக்கம் இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு அம்மோனியா இங்கே விஷம்.

அதனால் புது மணல் வாங்கிவிடுங்கள். பழையதுதான் வேண்டும் என்றால், கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுங்கள். அதில் இருக்கும் பாக்டீரியா போய்விடுமே என்றால், போகட்டும், பாறை இருக்கிறது. புது மணலில் நுண்ணுயிர் வேண்டுமென்றால் பழைய மணலின் மேல் அரை அங்குலத்தில் ஒரு கோப்பை மட்டும் எடுத்துத் தூவுங்கள்.

கோவையிலிருந்து: பழைய டேங்க் இருக்கிற இடத்துலயேதான் புதுசு வைக்கணும். மீன்களை எங்கே வைக்கிறது?

உணவுக்கான பிளாஸ்டிக் டிரம் இரண்டு. ஒன்றில் பாறை, ஒன்றில் மீன், இரண்டிலும் பழைய தண்ணீர். துணி துவைத்த டப் வேண்டாம், சோப்பு வாசம் போனாலும் சோப்பு போகாது. மீன் டிரம்மில் இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போட்டால் ஒளிந்துகொள்ளும். மூடி கட்டாயம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்; அக்னி நட்சத்திரத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். கரண்ட் எப்போது போகும் என்று நமக்கா தெரியாது?

தூத்துக்குடியிலிருந்து: மீன் பிடிக்கறதே பெரிய போராட்டம் அண்ணா. டாம்சல் கையில சிக்கவே மாட்டேங்குது.

பாறை உள்ளே இருக்கும்போது வலையைப் போட்டால் ஜென்மத்துக்கும் சிக்காது. முதலில் தண்ணீரை எடுங்கள், பிறகு பாறையை எடுங்கள், தண்ணீர் முழங்கையளவு வந்த பிறகு மீனைத் தொடுங்கள். பாறையை டிரம்மில் வைக்குமுன் குலுக்கிப் பாருங்கள், ஓட்டைக்குள் ஒரு மீன் இருக்கும். டாங், ஏஞ்சல் மாதிரி முள் உள்ளவை வலையில் மாட்டிக்கொண்டால் முள்ளும் கிழியும் வலையும் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவால் மொள்ளுங்கள். பேத்தை மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே கூடாது, காற்றை விழுங்கி உப்பிவிட்டால் வெளியேற்றத் திண்டாடும்.

புதுத் தொட்டியில் விடும்போது சண்டைக்கார டாம்சல் கடைசி. பாறை அடுக்கு மாறியிருப்பதால் யாருக்கும் சொந்த இடம் இருக்காது. சாதுக்கள் முதலில் இடம் பிடிக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து: என் டேங்க்கில் சோஆந்திட் நிறைய. பாறையோடு தூக்கி வைத்தால் போதுமா?

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோஆந்திட் என்பது பாறையில் படரும், பவளத்துக்கு உறவான உயிர். அதன் வகை சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் போடுங்கள். பாறையைத் தேய்க்கவோ, வெந்நீர் ஊற்றவோ, கொதிக்கவைக்கவோ கூடாது. விஷம் ஆவியில் கலந்து வீட்டில் இருப்பவர்களையெல்லாம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

இங்கே படிக்கும் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "மன்னார் வளைகுடா லைவ் ராக்" என்று உயிர் ஒட்டிய பவளப்பாறையை யாராவது தந்தால் வாங்காதீர்கள். காய்ந்த செராமிக் பாறையே நாளடைவில் உயிர் பிடித்துக்கொள்ளும்.

ராமநாதபுரத்திலிருந்து: அனிமோன் பாறையை விட்டு வரமாட்டேங்குது.

அனிமோன் பூ மாதிரி இருந்தாலும் உயிருள்ள பிராணி, பிய்க்காதீர்கள். பாதம் கிழிந்தால் அழுகித் தொட்டியையே கெடுக்கும். பாறையோடு மாற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஓரத்தை விரல் நுனியால் மெல்ல நெம்பி, பொறுமையாக. புது இடத்தில் அது ஊரும். ஒட்டி உட்காரும்வரை வேவ் மேக்கரின் (தண்ணீரை இழுத்து அலை உண்டாக்கும் பம்ப்பின்) வாயில் வலை கட்டிவிடுங்கள்.

அம்பத்தூரிலிருந்து: ரெண்டாவது மாடி சார். தரை தாங்குமா?

நாலடித் தொட்டியில் தண்ணீர் 400 கிலோவுக்கு மேல், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 650 கிலோவாவது வரும். நாலடிக்கு ரெண்டடி இடத்தில் அவ்வளவும் நிற்கும். அறை நடுவில் வேண்டாம், கீழே பீம் போகும் சுவரோரமாக வையுங்கள். பழைய கட்டடமென்றால் இன்ஜினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அந்தக் காசைப் பார்க்காதீர்கள்.

நீலாங்கரையிலிருந்து: கடல் பக்கத்துலயே இருக்கு, தண்ணி எடுத்துட்டா உப்பு செலவு மிச்சம்தானே அண்ணா?

மிச்சம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரத் தண்ணீரின் உப்பு இறங்கிவிடும், சாக்கடையும் கலக்கும். கோடையில், முகத்துவாரத்துக்குத் தள்ளி, படகில் உள்ளே போய் எடுத்தால் சரி. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டுகிறதா பாருங்கள்.

சேலத்திலிருந்து: செகண்ட் ஹேண்ட் டேங்க் வாங்கலாமா?

மீன் நோய்க்குக் காப்பர் (செம்பு) மருந்து ஊற்றியிருந்தார்களா என்று கேளுங்கள். பாறை காப்பரை இழுத்து வைத்துக்கொள்ளும், கண்ணாடியை ஒட்டும் சிலிகானும் அப்படித்தான் என்பார்கள். மீன் தப்பிக்கும், இறால், நத்தை, நட்சத்திரமீன் தப்பாது. விற்பவர் முழித்தால் விட்டுவிடுங்கள்.

மறுபடி மடிப்பாக்கம்: மாத்திட்டேன் அண்ணா! தண்ணி பால் மாதிரி இருக்கு, ஸ்கிம்மர் பொங்கி வழியுது. மீன் சாப்பிடவும் இல்லை.

பால் நிறம் புது மணல் தூசி, ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஸ்கிம்மர் என்பது நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி, பொங்கினால் அதன் கோப்பையை மேலே தூக்கி வையுங்கள். இன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். நாளை ஒரு சிட்டிகை. அம்மோனியாவை இரண்டு வாரம் தினமும் பாருங்கள். துளி காட்டினாலும் கால்வாசித் தண்ணீர் மாற்றம். அதற்கு உப்புத் தண்ணீரை முன்னமே கலந்து தயாராக வைத்திருங்கள்.

மடிப்பாக்கமே: பழைய டேங்க்கை தம்பிக்குக் கொடுத்திடலாமா?

கொடுக்காதீர்கள். அடுத்து வாங்கும் மீன் முதல் நாலு வாரம் அதில்தான் இருக்க வேண்டும், வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டில் "இன்னும் ஒரு தொட்டியா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் என்னிடமும் இல்லை.