பழைய மவுசருக்குப் புதுப் பேரல்: எந்தத் தோட்டா?

கேள்வி: ஐயா, தாத்தா வைத்திருந்த மவுசர் துப்பாக்கி முறைப்படி உரிமம் வாங்கி என் பெயருக்கு வந்துவிட்டது. தோட்டா அளவு 7×57. ரிசீவரில் (பேரல் திருகி உட்கார்ந்து, போல்ட் ஓடுகிற நடுக்கூட்டில்) 'லூட்விக் லோவே, பெர்லின்' என்று பொறித்திருக்கிறது. பேரல் உள்ளே ஒரே அரிப்பு. 25 மீட்டரில் சுட்டாலும் அட்டையில் வட்டத் துளை விழாமல் நீளமாகக் கிழிகிறது. புதுப் பேரல் போடத்தான் போகிறோம், எங்கும் கிடைக்கிற 308 தோட்டாவுக்கே போட்டுவிடு என்கிறார் மச்சான். போடலாமா?
— டோங்காட் வாசகர், தென்னாப்பிரிக்கா

பதில்: மச்சான் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள், தம்பி.

புதுசாகப் போவது பேரல் மட்டும்தான். வெடியைத் தாங்கப் போவது அதே பழைய ரிசீவர். போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வழியினர்) வாங்கிய 1895, 1896 மவுசர்களில் போல்ட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கிற உருளையை, பூட்டுவது முன்னால் இருக்கிற இரண்டு லக், அதாவது பூட்டுப் பற்கள். 1898 மாடலில் வந்த மூன்றாவது லக் இதில் இல்லை. தோட்டா உறை கிழிந்தால் வாயு கண்ணுக்கு வராமல் மறைக்கிற அகலத் தகடும் இல்லை. உருக்கும் அந்தக் காலத்துப் பக்குவம்: மேல்தோல் கெட்டி, உள்ளே மெத்து.

காகிதத்தில் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை. வெடி அழுத்தத்துக்கு ஐரோப்பிய வரம்பு 7×57-க்கு 3900 பார், 308-க்கு 4150. (கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்!) ஆனால் பழைய மவுசர்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பது தெரிந்து, 7×57-ஐ வரம்புக்குக் கீழேயே அடைக்கிற கம்பெனிகள் உண்டு. 308-க்கு அந்த இரக்கம் கிடையாது. புதுத் துப்பாக்கியை மனதில் வைத்து அடைப்பது அது.

இந்தப் பாடத்தை நான் கற்றது என் சொந்தத் தப்பில். பட்டறையில் சேர்ந்து சில வருஷம்தான் இருக்கும். ஒரு பண்ணைக்காரர் கேட்டார் என்று 1895 மவுசருக்கு 308 பேரல் போட்டுக் கொடுத்தேன். அடுத்த குளிர்காலம் திரும்ப வந்தது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி, இருந்தும் போல்ட் கைப்பிடி லேசில் எழும்பவில்லை. முதலில் ஏதோ மேட்டில் ஏறுகிற மாதிரி ஒரு முரண்டு, அப்புறம் சடக்கென்று விடும். பல் வைத்தியர் கண்ணாடியை உள்ளே விட்டு, வளைந்த ஊசியால் லக் உட்காரும் இடத்தைத் தடவினேன். பள்ளம். இரண்டு லக்கும் அடி வாங்கி வாங்கி ரிசீவருக்குள்ளேயே புதைந்திருந்தன. இடைவெளி கூடிவிட்டதா என்று பார்க்கிற, போகக்கூடாத 'நோ-கோ' கேஜ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்த ரிசீவர் பழைய இரும்புக்குத்தான் போனது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே 7×57-ஐயே வையுங்கள். இம்பாலா, பிளெஸ்பொக் மான்களுக்கு அது தாராளம். நம் நாட்டுக் கடைகளில் கிடைக்காத சரக்கும் இல்லை. மாற்றித்தான் தீருவேன் என்றால் 6.5×55 உண்டு, வரம்பு 3800. ஸ்வீடன்காரர்கள் இதே குடும்பத்து மவுசரில்தான் சுட்டார்கள். எதுவானாலும் மிதமாக அடைத்த தோட்டாவாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் மருந்து கூட்டி அடைக்கிற வேலை வேண்டாம். 243, 270 தோட்டாக்கள் பக்கம் போகவே வேண்டாம். 270-க்கு வரம்பு 4300.

பேரலுக்குக் காசு கொடுக்கும் முன்னால் உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் லக் இருக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பள்ளம் என்றால் எந்தத் தோட்டாவும் வேண்டாம், சுவரில் மாட்டுங்கள். இங்கே சட்டப்படி பேரலும் துப்பாக்கியின் முக்கிய பாகம். உரிமம் இல்லாமல் தனிப் பேரல்கூட வாங்க முடியாது. ரிசீவரில் ஓ.வி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய போயர் குடியரசான ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் முத்திரை அது. இருந்தால், கழற்றிய பேரலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சேகரிக்கிறவர்களுக்கு அரித்த பேரலும் அசல்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது நம்பர் 1 மார்க் 3 லீ-என்ஃபீல்டு, 303. இந்தியாவில் இதையே 308 அளவுக்கு மாற்றினார்களாமே?
— சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: பழையதை மாற்றவில்லை. 1960-களில் இஷாப்பூரில் 7.62-க்கென்றே (308-இன் ராணுவ வடிவம்) உசத்தியான உருக்கில் புதிதாகச் செய்தார்கள்; அதுதான் 2ஏ. உங்களுடையதில் லக் பின்பக்கம். வெடிக்கும்போது போல்ட்டின் முழு நீளமும் அமுங்கும். 303-க்கு வரம்பு 3650 பார்தான். 303 பேரலே போடுங்கள்.