ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் ஐஸ்கஸி சானை ஷேர்டு ஸ்டோரேஜாக வைத்துக்கொண்டே தின் புரொவிஷனிங்கும் செய்ய முடியுமா?

ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) ஓடும் மூன்று சர்வர், ஐஸ்கஸியில் (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைக் கொடுக்கும் முறை) ஒரு சான் (எல்லா சர்வருக்கும் பொதுவான ஸ்டோரேஜ் பெட்டி), லைவ் மைக்ரேஷனும் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் வேறு சர்வருக்கு மாற்றுவது) வேண்டும், தின் புரொவிஷனிங்கும் (முழு அளவையும் முன்பே ஒதுக்காமல் எழுத எழுத இடம் கொடுப்பது) வேண்டும். ஆனால் எல்விஎம்-தின் (லினக்ஸில் டிஸ்க்கைப் பிரித்துக் கொடுக்கும் எல்விஎம்மின் தின் வகை) சேர்க்கும்போது 'ஷேர்டு' என்ற தேர்வே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும், எல்விஎம்-தின் வழியாக மட்டும் கிடைக்காது. அந்தத் தேர்வு வேண்டுமென்றேதான் கொடுக்கப்படவில்லை. கமாண்ட் லைனில் போய் ஒரே பூலை (தின் டிஸ்க்குகளுக்கான பொது இடத்தை) இரண்டு நோடிலும் (கிளஸ்டரில் உள்ள சர்வரிலும்) ஆக்டிவேட் செய்து பார்த்துவிடாதீர்கள், டேட்டா போய்விடும்.

காரணம் இதுதான். சாதாரண எல்விஎம்மில் ஒரு விஎம்முக்கு 100 ஜிபி டிஸ்க் உருவாக்கினால், லன்னில் (சான் கொடுக்கும் டிஸ்க்கில்) எங்கிருந்து எதுவரை அதற்குச் சொந்தம் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு விஎம் எவ்வளவு எழுதினாலும் எல்விஎம் மெட்டாடேட்டா (எந்த இடம் யாருடையது என்ற கணக்கு) மாறாது. டிஸ்க்கை உருவாக்கும்போது, பெரிதாக்கும்போது, அழிக்கும்போது மட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் முழுக்க லாக் போட்டுக்கொண்டால் போதும்.

தின் பூலில் விஎம் புது இடத்தில் எழுத எழுத, பூலிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எது காலி, எது யாருடையது என்ற கணக்கை அந்த நோடின் கெர்னல் தன் மெமரியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. இன்னொரு நோடும் அதே பூலைத் திறந்திருக்கும் என்று அது நினைப்பதே இல்லை. முதல் நோடு 5000-ஆவது துண்டை மெயில் சர்வருக்குக் கொடுக்கிறது. இரண்டாவது நோடின் கணக்கில் அது இன்னும் காலி, அதனால் டேட்டாபேஸுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் எந்த எரரும் வராது. ஃபைல் சிஸ்டம் உடைந்த பிறகுதான் தெரியும், அப்போது பேக்கப்பைத் தவிர வேறு கதி இல்லை.

விஎம்வேரிலிருந்து (இதே வேலைக்கான இன்னொரு மென்பொருள்) வருகிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றமாக இருக்கும். அங்கே விஎம்எஃப்எஸ் என்பதே பல ஹோஸ்ட்கள் சேர்ந்து பயன்படுத்துவதற்காக எழுதிய ஃபைல் சிஸ்டம், அதனால் ஒரே லன்னில் தின் டிஸ்க்குகள் சாதாரணமாக ஓடும்.

உங்கள் நிலையில் நான் செய்வது: தின் வேலையை சானிடமே விட்டுவிடுவேன். பெரும்பாலான ஸ்டோரேஜ் பெட்டிகளில் லன்னையே தின்னாக உருவாக்கலாம். அதன் மேல் சாதாரண எல்விஎம், ஷேர்டு டிக். ப்ராக்ஸ்மாக்ஸ் திரையில் 100 ஜிபி முழுவதும் போனதாகத் தெரியும், ஆனால் விஎம் எழுதிய அளவுக்குத்தான் சானில் இடம் பிடிக்கும்.

எழுதிய இடத்தை விஎம் அழித்த பிறகு திரும்ப வாங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விஎம் டிஸ்க்கில் 'டிஸ்கார்ட்' டிக் செய்து, கன்ட்ரோலரை விர்ட்ஐஓ ஸ்கஸியாக வைத்து, உள்ளே லினக்ஸ் என்றால் எஃப்எஸ்ட்ரிம் டைமர் (காலியான இடத்தை அவ்வப்போது கீழே தெரிவிப்பது) ஓட வேண்டும். அப்போதுதான் அழித்த இடத்தின் தகவல் அன்மேப் (இந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள் என்ற) கட்டளையாக சான் வரை போகும். டிஸ்க்கையே நீக்கும்போதும் இதே பிரச்சினை உண்டு: எல்விஎம் கான்ஃபிக் ஃபைலில் 'இஷ்யூ டிஸ்கார்ட்ஸ்' 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 'வைப் ரிமூவ்டு வால்யூம்ஸ்' தேர்வை யோசித்துத்தான் போட வேண்டும். அது டிஸ்க் முழுக்க ஜீரோ எழுதும். ஜீரோவை அடையாளம் காணாத சானாக இருந்தால் அதற்கும் இடம் ஒதுக்கிவிடும்.

சான் நிரம்பினால் ஒரு விஎம் மட்டும் நிற்காது, அந்த லன்னில் எழுத முயலும் எல்லாமே மூன்று நோடிலும் நிற்கும். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு சானின் உண்மையான அளவு தெரியாது. அதனால் அலெர்ட்டை சானிலேயே வையுங்கள், 80 சதவீதத்துக்கு மேல் விடாதீர்கள்.

ஸ்னாப்ஷாட் (விஎம் டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது): ஷேர்டு எல்விஎம்மில் ரொம்ப நாளாக இல்லாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் 9.0-வில் வால்யூம் செயின் முறையில் (ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டையும் தனி வால்யூமாகச் சங்கிலி போல் கோர்ப்பது) சேர்த்தார்கள், டெக்னாலஜி பிரிவியூ என்ற பெயரில்தான். ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் எல்விஎம் கணக்கில் டிஸ்க்கின் முழு அளவை எடுத்துக்கொள்ளும், ஆகவே லன்னைத் தாராளமாக உருவாக்குங்கள். ப்ரொடக்‌ஷனில் இதை நம்பி இறங்குமுன் நன்றாக சோதித்துப் பாருங்கள்.

உங்கள் பெட்டி என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் முறை) கொடுக்குமானால் எனக்கு அதுவே இன்னும் பிடிக்கும். கியூகவ்2 ஃபைல் (விஎம் டிஸ்க்கை ஃபைலாக வைக்கும் வடிவம்), தின், ஸ்னாப்ஷாட், மைக்ரேஷன் எல்லாம் தலைவலி இல்லாமல் வரும். 4.2 வெர்ஷனில் மவுன்ட் செய்தால் டிஸ்கார்டும் வேலை செய்யும். செஃப் (சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள்) இயல்பிலேயே தின்தான், ஆனால் அதற்கு ஒவ்வொரு சர்வரிலும் சொந்த டிஸ்க்கும் நல்ல வேகமான நெட்வொர்க்கும் வேண்டும். சான் வாங்கிய பிறகு அந்தப் பக்கம் போவதில் அர்த்தமில்லை. ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 (பல சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் ஃபைல் சிஸ்டங்கள்) போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் டிஸ்கார்ட் டிக் போட்டால் உடனே வேலை செய்யாது. உள்ளிருந்து ரீபூட் செய்தாலும் போதாது, விஎம்மை முழுவதும் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு எஃப்எஸ்ட்ரிம் ஓட்டிவிட்டு சானில் லன்னின் உபயோகம் குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் முதலில் ப்ராக்ஸ்மாக்ஸ் நோடில் அந்த லன்னுக்கு டிஸ்கார்ட் ஆதரவு தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே ஜீரோ என்று காட்டினால் மாற்ற வேண்டியது சானின் அமைப்பில்.